ஆட்டம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராவிட்டால் ஃபாதர் மன்னித்துவிடுவார். பெவ் நடத்தும் பீர்க்கடைக்கு வராவிட்டால்தான் வம்பு. மறுநாள் காலையில் நாலு பேர் கதவைத் தட்டி, உடம்புக்கு என்ன, காய்ச்சலா, கால் உடைந்துவிட்டதா, பிள்ளைகள் யாராவது சிகாகோவில் பெண் எடுத்துவிட்டார்களா என்று துருவி எடுத்துவிடுவார்கள். மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் மனிதன் நிம்மதியாக வீட்டில் படுத்துக் கிடக்கவும் முடியாது.

லுவான் அன்று பூசையில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. எல்லோரும் முழந்தாளிட்டபோது இவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கோட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் நினைவு வந்தது. அவள் மனசெல்லாம் பெவ் கடையில், கதவை ஒட்டிய முதல் ஸ்டூலுக்கு அடுத்த ஸ்டூலில் இருந்தது.

முதல் ஸ்டூல் லுவானுடையது. அடுத்தது எல்ராயுடையது. ஊரில் பாதி வீடுகளின் ஹீட்டரைப் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் எல்ராய். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. லுவானின் புருஷன் போகவில்லை, ஓடினான். மீன் பிடிக்கப் புழு வாங்கிவருகிறேன் என்று கிளம்பியவன் புழு விற்கிறவளோடு ஃப்ளோரிடாவில் குடியேறிவிட்டான். அதைப் பற்றி லுவான் அழுது முடித்து ரொம்ப காலமாகிவிட்டது. இப்போது கேட்டால் சிரிப்பாள்.

இரண்டு பேரும் ஞாயிறுதோறும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெவ் தக்காளிச் சாறில் வோட்கா ஊற்றி, குச்சியில் ஊறுகாய் வெள்ளரி, சீஸ், ஆலிவ், ஒரு துண்டு இறைச்சி எல்லாம் குத்தி நீட்டுவாள். கூடவே சின்ன கிளாசில் பீர். அது இல்லாமல் தக்காளிச் சாறை மட்டும் வைத்தால் இந்த ஊரில் கடை நடத்த முடியாது. எல்ராய் தன் குச்சியிலிருந்து ஆலிவை உருவி லுவான் தட்டில் வைப்பார். லுவான் தன் வெள்ளரியை அவர் தட்டில் வைப்பாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன ஞாயிறுதான் விஷயம் வெளிப்பட்டது. முட்டையைக் கிளறிக்கொண்டே எல்ராய் தன் மகளைப் பற்றிச் சொன்னார்:

"ஷெர்ரி கூப்பிடறா. அரிசோனாவுல அவ வீட்டுக்குப் பின்னாடி எனக்குன்னு தனியா ரூம் கட்டியிருக்கா. பனி அள்ள வேண்டாம்ப்பா, வந்துடுங்கறா."

"ஓ," என்றாள் லுவான்.

"அடுத்த ஞாயிறு மேட்ச் முடிஞ்சதும் போன் பண்ணுவா. வரேனா இல்லையான்னு சொல்லணும். அங்கயே இருக்கறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்கப்பா, ஒண்ணே ஒண்ணு போதும், விட்டுடறேங்கறா. நானும் யோசிச்சுப் பாத்தேன்."

"என்ன காரணம் தோணுச்சு?"

"வீடு இருக்கு. அதுவும் ஒழுகுது."

அப்போது அவர் அவளைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் லுவானுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒரு நொடியில் அவள் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "வெயில் உடம்புக்கு நல்லதுதான்."

அறுபது பிள்ளைகள் பஸ்சுக்குள் ஒரே நேரத்தில் கத்தினாலும் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்து அடக்கிவிடுகிறவள் லுவான். இருபது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பனியில் சறுக்கி நின்ற லாரிக்காரனைக் கீழே இறங்கி நின்று திட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரு மனுஷனிடம் 'போகாதீங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. வாரம் முழுவதும் பஸ்சை ஓட்டிக்கொண்டே தன்னைத்தானே வைதுகொண்டிருந்தாள். வெயிலாம், உடம்புக்கு நல்லதாம்.

சனிக்கிழமை ராத்திரி ஒரு வழி தோன்றியது. வாயால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் பெவ் கடையில் கவிழ்த்த கிளாஸ் இருக்கிறதே.

ஒருவர் ஏற்கனவே குடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு நீங்கள் ஒன்று வாங்கித் தர நினைத்தால், பெவ் ஒரு சின்ன கிளாசை அவர் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் அனுப்பியது என்று கடை முழுக்கக் கேட்கக் கூவுவாள். அவர் அடுத்து குடிப்பது உங்கள் செலவு என்பதற்கு அந்தக் கிளாஸ்தான் அடையாளம். பேரன் பிறந்தால் அனுப்புவார்கள், டயர் மாற்றிக் கொடுத்தால் அனுப்புவார்கள், சண்டை போட்டவனுக்கு மறுவாரம் அனுப்புவார்கள். அதெல்லாம் சகஜம். ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெண் தனியாக இருக்கும் ஒரு ஆணுக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, செர்ரி போட்ட இனிப்பு பிராந்தி அனுப்பினால், அது கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்குச் சமம். பெவ்வின் கல்யாணமே அப்படி ஆரம்பித்ததுதான்.

பூசை முடிந்து கடைக்குள் நுழைந்ததும் உருளைக்கிழங்கு அடையின் வாசனை முகத்தில் அடித்தது. கண்ணாடிக்கு வெளியே பொடிப் பனி. உள்ளே எல்லோரும் நம் அணியின் பச்சைச் சட்டை. டிவியில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் ஆரம்பித்து நம் பையன்கள் முதல் பந்தையே கோட்டை விட்டிருந்தார்கள். எதிரே ஆடுவது சிகாகோ. வேறு யாரிடம் தோற்றாலும் சோறு இறங்கும்.

"வா லுவான், வா. கதவைச் சாத்து. ஏற்கனவே நேரம் சரியில்ல," என்றாள் கிளாடிஸ்.

மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் கிளாடிசுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆட்டத்தின் ராசி அவள் பொறுப்பு. யார் கொடுத்த பொறுப்பு என்று யாரும் கேட்டதில்லை. நம் பையன்கள் சொதப்பினால் கிழவி கவுண்டரை ஒரு பார்வை பார்த்து, நீ அங்கே போ, நீ இங்கே வா என்று இடம் மாற்றுவாள். மாற்றியதும் நம் பக்கம் பந்து கோட்டைத் தாண்டிவிட்டதோ, போச்சு, அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. கழிவறை கிடையாது. டிவி சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சோறு பரிமாற வேண்டுமே என்பதால் பெவ்வுக்கு மட்டும் விலக்கு. போன வருஷம் தெருவில் நிறுத்தியிருந்த மார்வுடைய காரைப் போலீஸ்காரர்கள் வண்டி கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மார்வ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தான். அன்று ஜெயித்தோம். கார் போனதைப் பற்றி அவன் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அந்த மார்வ்தான் சுவரை ஒட்டிய நாலாவது ஸ்டூல். பீர் லாரி ஓட்டியவன், லுவானோடு ஒரே வகுப்பில் படித்தவன், இரண்டு முறை கல்யாணம் செய்து இரண்டு முறையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். வாய் மட்டும் ஓயாது.

"என்ன லுவான், உதட்டுல சாயமெல்லாம் இருக்கு? பஸ் புதுசா?" என்றான்.

"உனக்கு எதுக்கு அது? நீ உன் முட்டையைத் தின்னு."

எல்ராய் லேசாகச் சிரித்து அவளுக்காகத் தட்டை நகர்த்தினார். ஆலிவ் வந்தது, வெள்ளரி போனது. முதல் பாதி முழுவதும் லுவான் அடையைத் தொடவில்லை. ஆப்பிள் மசியலை மட்டும் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் எல்ராய் கழிவறைப் பக்கம் போனார். அங்கே எப்போதும் நீள வரிசை. லுவான் அடுப்படி ஜன்னலுக்கு ஓடினாள்.

"பெவ். என் பக்கத்து ஸ்டூலுக்கு ஒரு கிளாஸ் கவுத்து வை. பிராந்தி. செர்ரி போட்டு."

பெவ் தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எல்ராய்க்கா?"

"கத்தாதேயேன்."

"ரெண்டு வருஷமா ஆலிவும் வெள்ளரியும் மாத்திக்கிட்டிருக்கீங்க, நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இப்பவாவது புத்தி வந்துச்சே."

"உன் பேச்சு அப்புறம். அவர் வந்து உட்கார்ந்தப்புறம் என் பேரைச் சொல்லு. நான் தரையைப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

பெவ் வந்து எல்ராயின் காலி இடத்துக்கு முன்னால் கிளாசைக் கவிழ்த்துவிட்டு, அடுப்பில் கருகும் அடையைக் காப்பாற்ற உள்ளே ஓடினாள். இங்கேதான் விதி விளையாடியது. விதி என்ன விதி, கிளாடிஸ்தான் விளையாடினாள்.

இரண்டாம் பாதி ஆரம்பித்த கையோடு சிகாகோக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் எல்லோரையும் தாண்டி ஓடிப் போய்க் கோட்டில் வைத்தான். பதின்மூன்றுக்குச் சைபர். கடையில் ஒரு சத்தம் எழுந்தது, அதை எழுத முடியாது.

"இந்த வரிசையே சரியில்ல," என்றாள் கிளாடிஸ். "மார்வ், நீ எழுந்து எல்ராய் இடத்துக்குப் போ. அவன் வந்தா உன் இடத்துல உட்காரட்டும்."

லுவான் வாயைத் திறந்தாள். அதற்குள் மார்வ் தன் தட்டையும் பீரையும் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். கழிவறையிலிருந்து வந்த எல்ராய் விஷயத்தைக் கேட்டார், ஒரு வார்த்தை மறுக்காமல் தன் தக்காளிச் சாறை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். ராசி விஷயத்தில் அவரைப் போல ஒழுக்கசாலி யாரும் கிடையாது.

அவர் உட்கார்ந்த அடுத்த நிமிஷம் நம் பையன் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான். ஏழு புள்ளி.

கடை அதிர்ந்தது. கிளாடிஸ் இரண்டு கையையும் தூக்கினாள். "அவ்வளவுதான். இனிமே எவனும் அசையக் கூடாது. எவளும்தான்."

மார்வ் அப்போதுதான் தன் முன்னால் கவிழ்ந்திருந்த கிளாசைப் பார்த்தான். "பெவ்! இது யார் அனுப்பினது?"

உள்ளே அடையைத் திருப்பிக்கொண்டிருந்த பெவ் தலையைக்கூடத் திருப்பவில்லை. கூவினாள். கூவும் விஷயத்தில் அவளுக்கு ஊரில் நல்ல பேர்.

"லுவான் அனுப்பினது!"

லுவானுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாலு மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் மேஜையைத் தட்டினான். கிளாடிஸ் "அப்படிப் போடு" என்றாள். சுவரோரத்தில் எல்ராய் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

"லுவான்," என்றான் மார்வ். அவன் முகத்தில் அசடு வழிந்தது. "இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருந்தியா?"

"மார்வ், கொஞ்சம் இரு..."

"ஒன்பதாவது படிக்கிறப்ப உன் ஷூவுல பசை தடவினேனே. அப்ப இருந்தேவா?"

இல்லை என்று சொன்னால் அப்போது யாருக்கு என்று கேட்பான். யாருக்கு என்று சொன்னால் இவ்வளவு கூட்டத்துக்கும் சொன்னதாகும். லுவான் ஆப்பிள் மசியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்குள் அடைத்தட்டோடு வெளியே வந்த பெவ், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, பேயறைந்த மாதிரி நின்றாள். லுவானின் அருகே குனிந்தாள்.

"அய்யய்யோ, நான் என்னடி பண்ணிட்டேன். போய் எல்ராய்கிட்ட சொல்லிடட்டுமா?"

"நீ சொன்னா, பாவம் பார்த்துச் சொல்றதா நினைப்பார். வேணாம். மேட்ச் முடியட்டும், நானே சொல்லிக்கறேன்."

"மேட்ச் முடிஞ்ச உடனே அவ போன் பண்ணுவாளே?"

அது லுவானுக்குத் தெரியாதா?

மார்வ் கிளாசை நிமிர்த்தி பிராந்தியை வாங்கிக்கொண்டான். ரசித்து ரசித்துக் குடித்தான். தன் முதல் கல்யாணம் எங்கே பிசகியது என்று லுவானுக்கு விளக்க ஆரம்பித்தான். சுவரோரத்தில் எல்ராய் வாங்கிய அடுத்த தக்காளிச் சாறின் குச்சியில் ஆலிவ் அப்படியே இருந்தது. அவர் கிளாடிசைத் தாண்டி எட்டிப் பார்த்து மார்விடம் சொன்னார்:

"நல்ல மனுஷி மார்வ். ஒழுங்கா நடந்துக்கோ."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் லுவானைக் குத்தியது. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவாவது இருந்திருக்கும். பிறகு அவர் பெவ்வைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். பெவ் தட்டு எடுக்கிற சாக்கில் லுவானிடம் வந்தாள்.

"வரேன்னு சொல்லிடப் போறாராம். இப்பத்தான் மனசு தெளிவாச்சாம்."

டிவியில் நம் பையன்கள் மறுபடியும் கோட்டைத் தாண்டினார்கள். பதினாலுக்குப் பதின்மூன்று. ஒரே ஒரு புள்ளி முன்னால். கடையில் இருந்தவர்கள் கத்தின கத்தலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. லுவான் மட்டும் நம் பையன்கள் மேல் முதல் தடவையாக எரிச்சல் பட்டாள். இவர்கள் தோற்றுக்கொண்டிருந்தால் கிழவி மறுபடி இடம் மாற்றியிருப்பாளே.

ஆட்டத்தில் இனி கொஞ்ச நேரம்தான். லுவான் துணிந்தாள்.

"மார்வ், ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"கண்ணுன்னு சொல்லாத. அந்த பிராந்தி உனக்கு இல்ல."

மார்வ் கிளாசைப் பார்த்தான். அடியில் செர்ரிதான் மிச்சம். "பின்ன யாருக்கு?"

லுவான் சுவரோரம் பார்த்தாள். மார்வும் அங்கே பார்த்தான். அவன் வாய் மூடியது. மார்வின் வாய் தானாக மூடி லுவான் பார்த்ததில்லை.

"எல்ராய்க்கா?"

"ம்."

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீதான் பசை தடவின கதையை ஆரம்பிச்சுட்டியே."

மார்வ் கிளாசைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "பரவாயில்ல. அரை மணி நேரம் எனக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றான்.

லுவானுக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. அவன் கை மேல் கை வைத்தாள். "அடுத்த வாரம் உனக்குன்னே ஒண்ணு வாங்கித் தரேன் மார்வ். சிநேகிதத்துக்கு."

"செர்ரி ரெண்டு போடச் சொல்லு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். "சரி, என்ன பண்ணணும்? எழுந்திருக்கவும் முடியாது. இரு." கைகளை வாயருகே குவித்து, டிவி இரைச்சலுக்கு மேல் கத்தினான். "எல்ராய்! இந்த பிராந்தி உனக்கு வந்ததாம்ப்பா! நான் தெரியாம குடிச்சுட்டேன்!"

எல்ராய் சிரித்துக் கையை ஆட்டினார். "குடி, குடி."

"நிஜமாடா! லுவான் உனக்குத்தான் அனுப்பினாளாம்!"

போன ஈஸ்டருக்குக் கோயில் குலுக்கலில் வான்கோழி விழுந்ததாகச் சொல்லி எல்ராயைப் பனியில் பாதிரியார் வீடு வரை நடக்கவிட்டவன் இதே மார்வ். அவன் சொல்லி யார் நம்புவார்கள்? நடுவில் இருந்த கிளாடிஸ் சும்மா இருப்பாளா? எல்ராய் பக்கம் திரும்பி, தன் பங்குக்கு விளக்கம் சொன்னாள்.

"லுவான் இவனுக்கு வாங்கிக் குடுத்தாளாம். இவனுக்குப் பிடிக்கலையாம். உனக்கு வேணுமான்னு கேக்கறான்."

"கிளாடிசம்மா, நான் அப்படியா சொன்னேன்?" என்றான் மார்வ்.

"பேசாம இரு. ஆட்டத்தைப் பாரு. அவனுங்க உதைக்கப் போறானுங்க."

ஆமாம், உதைக்கப் போகிறார்கள். கடைசி சில நொடிகள். பந்து சிகாகோக்காரர்கள் கையில், கம்பத்துக்குக் கொஞ்ச தூரத்தில். உதைத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, நம் கதை முடிந்தது. வெளியே போனால் ஜெயித்தோம். கடையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பெவ்கூட ஒரு கையில் காப்பிக் கெட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள். எல்ராய் ஒரு கையால் கவுண்டரின் விளிம்பைப் பிடித்திருந்தார். மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தயாராக முன்னால் வைத்துக்கொண்டார்.

அந்தப் போனைப் பார்த்ததும் லுவானுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது அடிக்கும். அவர் 'வரேன்மா' என்பார். அடுத்த ஞாயிறு இந்தக் கவுண்டரில் அவர் இருக்க மாட்டார், அதற்கடுத்த ஞாயிறும் இருக்க மாட்டார். வெயில் உடம்புக்கு நல்லது. சிகாகோவாவது மண்ணாவது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

மார்வ் "லுவான்" என்று கிசுகிசுத்தான். யாரோ "ஏய்" என்றார்கள். கிளாடிஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதிரியாராக இருந்தால் பதவியை விட்டே போயிருப்பார். "உட்காருடி. உட்காருங்கறேன். உனக்குப் பைத்தியமா?"

லுவான் நடந்தாள். மார்வைத் தாண்டி, கிளாடிசைத் தாண்டி நடந்தாள். எல்ராய் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். ஒரு புள்ளி முன்னால் இருக்கும்போது, எதிரி உதைக்கப் போகும்போது, இடத்தைவிட்டு எழுந்து வருகிற ஒரு பெண்ணை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"லுவான், என்ன பண்றீங்க? போய் உட்காருங்க."

"உட்காரப் போறதில்ல. அந்த கிளாஸ் உங்களுக்குத்தான் வெச்சேன். நீங்க உள்ள போயிருந்தீங்க, இந்தம்மா இடத்தை மாத்திட்டாங்க, பெவ் பாக்காம கத்திட்டா. மார்வ் சொன்னது நிஜம்தான்."

எல்ராய் மார்வைப் பார்த்தார். மார்வ் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினான்.

"போன வாரம் வெயில் நல்லதுன்னு சொன்னேன். அது பொய். எனக்கு அரிசோனாவே பிடிக்கல. நீங்க போகக் கூடாது, அவ்வளவுதான். போகாதீங்க. இதைச் சொல்லத்தான் எழுந்து வந்தேன்."

அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். எல்ராய் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிவியில் ஒருவன் ஓடிவந்து பந்தை உதைத்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை.

பந்து கம்பத்தில் பட்டது. பட்டு, உள்பக்கமாக விழுந்தது.

ஒரு கணம் அடுப்பில் எண்ணெய் பொரிவது மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் லுவான் பக்கம் திரும்பினார்கள்.

"இவளாலதான்."

"இருபது வருஷமா பஸ் ஓட்டறா, ஒரு நிமிஷம் ஒரு இடத்துல உட்காரத் தெரியல."

"கம்பத்துல பட்டு வெளிய போக வேண்டியது. நான் பாத்தேன். இவ நடந்த காத்துலதான் உள்ள போச்சு," என்றாள் கிளாடிஸ். "சிகாகோகாரன்கிட்ட எவ்வளவு வாங்கினே? சொல்லு."

"கிளாடிசம்மா, காதல் விஷயம்," என்றான் மார்வ்.

"அதை நாளைக்குப் பண்ணக் கூடாதா? திங்கக்கிழமை பூரா சும்மாத்தானே கெடக்கு."

பின் மேஜையிலிருந்து ஒருவன் ரொட்டித் துண்டை வீசினான். பெவ் மட்டும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை என்றால் அவள் அடுப்படியில் கட்டுகிற துணிதான். லுவானுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊரே திட்டுகிறது, அவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் ஷூவைப் பார்த்தாள்.

போன் அடித்தது.

எல்ராய் எடுத்தார். நம் பையன்கள் தோற்ற நாளில் அப்பாவிடம் பேச ஷெர்ரிக்கே பயம். செவ்வாய்க்கிழமை வரை ஒரு சொல்லுக்கு மேல் பதில் வராது. இன்றைக்கும் அந்தப் பயத்தோடுதான் ஆரம்பித்திருப்பாள் போலிருக்கிறது.

"ஆமாம்மா, பாத்தேன்," என்றார் எல்ராய். "இல்ல, உதைச்சதைப் பாக்கல. வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன். ...கோவமா? இல்லயே. நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன்."

கடை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. திட்டுவதற்கு நிறைய மிச்சம் இருந்தது, ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் திட்டலாம் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எல்ராய் ஸ்டூலிலிருந்து இறங்கி லுவான் பக்கத்தில் வந்து நின்றார். தோளோடு தோள் உரசுகிற நெருக்கம்.

"அதைத்தாம்மா சொல்ல வரேன். நான் வரல. ...ஆமா, தெரியும், ரூம் கட்டிட்டே. விருந்தாளியா வந்து தங்கறேன். ...காரணமா? இருக்கு. பக்கத்துலதான் நிக்கிறாங்க." கடையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கிளாடிஸ் அடுத்த வசவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். "அப்புறமா பேசறேன் ஷெர்ரி. மொத்தக் கடையும் சேர்ந்து அவங்களைத் திட்டப் போகுது. நான் கூட நிக்கணும்."